இதுவா தெளிவு, அதுவா தெளிவு?

"இது தெளிவா இருக்கா... இல்ல, இது தெளிவா இருக்கா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் தாடையைச் சொறிந்தார். அவர் மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டம். அதில் சின்னவள் மாற்றி மாற்றிப் போடும் வட்டக் கண்ணாடிகள். எதிர்ச்சுவரில் வரிசை வரிசையாக ஒளிரும் எழுத்துகள்.

"ரெண்டும் ஒண்ணாதாம்மா இருக்கு."

"அப்ப சரி. ஒண்ணா இருந்தா ஒண்ணுன்னே சொல்லுங்க. எனக்காக எதையாவது சொல்லணும்னு இல்ல."

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. கிளினிக்கிலிருந்து செய்தி.

'தங்கள் வேண்டுகோளின்படி, நாளைய ஆலோசனை நேரமும் இனி வரும் செவ்வாய்க்கிழமை நேரங்களும் ரத்து செய்யப்பட்டன. நன்றி.'

சின்னவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். தங்கள் வேண்டுகோளின்படியாம்! எந்தத் தங்கள்? எந்த வேண்டுகோள்?

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூடவே நடந்து வருகிறவர்களுக்கு அவள் கதை தெரியும். நடுவில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சின்னவள், அண்ணனின் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாற்பதைத் தாண்டியவள். போன வருஷக் கடைசியிலிருந்து அவளுக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போனது. சிரிக்கிற இடத்தில் சிரிப்பு வரவில்லை, அழுகிற இடத்தில் அழுகை நிற்கவில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதே பெரிய பாடாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு மனச்சோர்வு என்றார். மாத்திரை எழுதித் தந்தார். கூடவே ஏதாவது ஒரு சிகிச்சைப் பயிற்சிக்கும் போங்கள் என்றார்.

அந்த 'ஏதாவது ஒன்று'தான் வினையாகிப் போனது.

அண்ணி ஒன்றைச் சொன்னாள். மனக்கவனப் பயிற்சி. மைண்ட்ஃபுல்னெஸ் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஒரு கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பார்கள். வருகிற எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், அது வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கப் பழகுவார்கள். வீட்டில் அதற்கு 'மூச்சு' என்று பெயர்.

வீட்டுக்காரர் இன்னொன்றைச் சொன்னார். சி.பி.டி. மனநல ஆலோசகர் எதிரே உட்கார்ந்து, மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, இது எவ்வளவு தூரம் உண்மை, செய்து பார்த்துச் சோதிக்கலாமா என்று கேட்கிற சிகிச்சை. அதற்கு வீட்டில் 'பேச்சு' என்று பெயர்.

மூச்சுக் கட்சியும் பேச்சுக் கட்சியும் முட்டிக்கொண்டபோது அண்ணன் பஞ்சாயத்துக்கு வந்தான். கண்ணாடிக் கடைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்?

"ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாப்போம். ஒரு வாரம் மூச்சு, ஒரு வாரம் பேச்சு. எது தெளிவா இருக்குன்னு சின்னுவே சொல்லட்டும்."

அப்படியே செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார்கள்: "என்ன சின்னு, இதுவா, அதுவா?" தோற்ற கட்சி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அவள் மனசு என்ன, இவர்கள் பந்தயம் கட்டுகிற மைதானமா?

நேற்று ஞாயிறு. முந்தின இரவெல்லாம் அவள் தூங்கியிருக்கவில்லை. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. "முதல்ல பாத்ததே பரவாயில்ல" என்று வாய் சொல்லிவிட்டது. அண்ணி கைதட்டினாள். பேச்சு தோற்றது என்று தீர்ப்பாகிவிட்டது.

அதன் பலன்தான் இப்போது கைபேசியில் நிற்கிறது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் டாக்ஸிக்காரர்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் சின்னவள். அவருடைய எண்களைக் குறித்து முடித்து, சட்டத்தைக் கழற்றி வாங்கி வைத்தாள். அவர் காலையிலேயே வந்து, கடைப் பையன் தானே பார்க்கிறேன் என்றபோதும், 'அந்தம்மா வரட்டும், நான் இருக்கேன்' என்று உட்கார்ந்திருந்தவர். நாளைக்கு ஆலோசகரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் எடுத்து வைத்திருந்ததே இதைத்தான். 'நான் இல்லாட்டியும் கடைக்கு ஒண்ணும் ஆகாது' என்று அவள் போன தடவை சொன்னதற்கு, 'சரி, யாராவது உங்களைத் தேடி வர்றாங்களான்னு மட்டும் பாத்துட்டு வாங்க' என்று அனுப்பியிருந்தார் அந்த ஆலோசகர் அம்மா. பார்த்தாயிற்று. சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, நாளை எப்போது வரும் என்று அவள் காத்திருந்த ஒரே நாள் அது. அதைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

சின்னவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

* * *

கடையின் முன்பக்கத்தில் அண்ணன் ஒரு சட்டத்தின் காதை வெந்நீரில் வளைத்துக்கொண்டிருந்தான். அண்ணி கல்லாவில் இருந்தாள்.

"அண்ணா, கிளினிக்குக்கு யார் போன் பண்ணது?"

"எந்தக் கிளினிக்?"

"நான் போற கிளினிக். செவ்வாக்கிழமையை யார் கேன்சல் பண்ணது?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அண்ணனைப் பார்த்தாள்.

"நான் பண்ணல" என்றான் அண்ணன். "பண்ணலாம்னு இருந்தேன். நீதானே சொன்ன, மொதல்ல பாத்ததே பரவாயில்லன்னு?"

"நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? நாலு வாரமா தூங்காதவ மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டே சொன்னேன். அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க!"

"பதில்னா பதில்தானே சின்னு."

"இந்தக் கடையில அப்படியா?" குரல் உயர்ந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பினாள். திரும்பட்டும்! "அண்ணா, நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? ஆள் களைச்சுப் போயிட்டா சோதனையை நிறுத்து, அவங்க சொல்ற பதிலை எழுதாத, நாளைக்கு வரச் சொல்லுன்னு. வேலை முடிச்சு ஓய்ஞ்சு வர்றவங்களை நாம திருப்பி அனுப்பறது இல்லையா? முன்ன பின்ன தெரியாதவனோட கண்ணுக்குக் காட்டற மரியாதையைக் கூடப்பொறந்தவ மனசுக்குக் காட்டக் கூடாதா?"

அண்ணன் கையில் இருந்த சட்டத்தை வெந்நீரிலேயே விட்டுவிட்டான். அது அளவுக்கு மேல் வளைந்துபோனது.

"இதோ பாரு சின்னு," என்று அண்ணி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். "கோவத்தைக் கொஞ்சம் கவனி. அது வருது, போகுது, நீ அதுக்குள்ள போயிடாத..."

"அண்ணி, வேணாம்."

"நல்லதுக்குத்தாண்டி சொல்றேன். எங்கம்மா போனப்ப நான் எப்படிக் கெடந்தேன்னு உனக்குத் தெரியாதா? அந்தக் கூடம்தான் என்னை மீட்டுச்சு. எனக்கு ஒத்து வந்துச்சு."

அண்ணியின் கண் கலங்கியது. பொய்யில்லை. அவள் அந்த வருஷம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், பிறகு மெல்ல எழுந்து வந்ததும் சின்னவள் கண்ணால் கண்டதுதான். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு ஒத்து வந்துச்சு அண்ணி. சந்தோஷம். எனக்கும் அந்தக் கூடம் புடிக்காம இல்ல. ஒரு நாள் அங்க உட்காந்திருக்கறப்ப, வெளிய யாரோ பக்கெட்ல தண்ணி புடிக்கற சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் மனசு லேசா இருந்துச்சு. ஆனா ருசி கண்டுக்கறதுக்குள்ள வாரம் மாறிடுது. பேச்சுக்குப் போனா மூச்சு மறந்துடுது, மூச்சுக்குப் போனா பேச்சு மறந்துடுது. ஒண்ணையாவது உருப்படியா செய்ய விட்டீங்களா?"

"நாங்க ஒண்ணை எடுத்துட்டா சரியாயிடும்னுதானே..."

"எதை எடுக்கறதுன்னு என்னைக் கேட்டீங்களா?"

அண்ணன் பட்டும் படாமல், "யார் போன் பண்ணதுன்னு போய்க் கேட்டுப் பாரு, நாங்க ரெண்டு பேரும் இல்ல" என்றான்.

சின்னவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கினாள்.

* * *

கிளினிக் வரவேற்பு மேஜைப் பெண், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கணினியைத் தட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் மேடம். காலையில வந்த மொத போனே அவரோடதுதான். இனிமே அவங்களுக்குத் தேவைப்படாதுன்னு சொன்னார்."

வீட்டுக்காரரா? பேச்சுக் கட்சியின் தலைவரா? அவள் கண்ணைக் கசக்கினாலே, 'நீ நெனக்கறதுக்கு ஆதாரம் என்ன சொல்லு' என்று வக்கீல் மாதிரி எதிரே வந்து நிற்கிற மனிதரா?

"அவர் சொன்னா நீங்க கேன்சல் பண்ணிடுவீங்களா? என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? நான் உயிரோடதானே இருக்கேன்?"

"வீட்டுக்காரர்னு சொன்னாரே மேடம்..."

"வீட்டுக்காரர்னா வீட்டுக்குத்தாம்மா. என் மண்டைக்கு இல்ல."

சத்தம் கேட்டு உள்ளறைக் கதவு திறந்தது. ஆலோசகர் அம்மா வெளியே வந்தார். அடுத்து வர வேண்டியவர் இன்னும் வந்திருக்கவில்லை. சின்னவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். நடந்ததைச் சின்னவள் ஒரே மூச்சில் கொட்டினாள், ஒரு வாரம் மூச்சு, ஒரு வாரம் பேச்சு என்பது உட்பட.

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாறி மாறியா? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வேலை இருக்குன்னு சொன்னீங்களே?"

"வீட்ல அப்படிச் சொல்லச் சொன்னாங்க. எது நல்லதுன்னு கண்டுபிடிக்கணுமாம்."

"கண்டுபிடிக்கத்தான் எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தவங்களும் உண்டு. பொதுவா பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் உதவுது. ஒருத்தருக்கு இது, இன்னொருத்தருக்கு அது. முன்னாடியே இன்னாருக்கு இதுன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ரெண்டையும் சேத்து நடத்தற முறையும் இருக்கு, ஆனா அதை ஒருத்தர் திட்டம் போட்டு நடத்தணும். ஞாயித்துக்கிழமை ஓட்டு எடுத்து நடத்தக் கூடாது." அவர் குரலிலும் சூடு ஏறியிருந்தது. "எதுவா இருந்தாலும் சில வாரம் விடாம செஞ்சாத்தான் தெரியும். தளர்ந்து போனவங்க இடையில விட்டுடாம வர்றதே பெரிய விஷயம். அதையும் கலைச்சு விட்டா எப்படி?"

"நான் கலைக்கல."

"நீங்க கலைக்கலன்னு தெரியுது. ஆனா என்கிட்ட மறைச்சீங்க."

அது சுருக்கென்றது. உண்மைதான். எல்லோருக்கும் தலையாட்டியதில் இந்த அம்மாவிடமும் பொய் சொல்லியாயிற்று.

"இனிமே மறைக்க மாட்டேன். எனக்கு என் செவ்வாக்கிழமை வேணும்."

ஆலோசகர் கதவைத் திறந்து வெளியே கேட்டார். வரவேற்புப் பெண்ணின் பதில் உள்ளே வந்து விழுந்தது. அந்த நேரத்தை, வெகுநாளாகக் காத்திருந்த வேறொருவருக்குச் சொல்லியாயிற்று. அவர் இன்று சாயங்காலத்துக்குள் உறுதி சொல்வார். வேண்டாம் என்றால்தான் சின்னவளுக்கு. இல்லையென்றால் வரிசையின் கடைசி.

முகம் தெரியாத அந்த ஆள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவரும் ஏதோ ஒரு காலையில் பல் துலக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்தானே. கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

"போன தடவை நான் ஒண்ணு சொன்னேனே," என்றார் ஆலோசகர், அவள் எழுந்தபோது. "வீட்டுக்காரரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு. சொன்னீங்களா?"

"சனிக்கிழமை சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. டிவி சத்தத்தைக் கூட்டி வச்சார்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

* * *

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் வாழ்நாளைக் கழிக்கிற மனிதர். மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள அகலத் தெருக்களில்தான் பாடம் எடுப்பார் என்பது சின்னவளுக்குத் தெரியும். தெருமுனையில் போய் நின்றாள்.

கூரையில் பலகை வைத்த சின்னக் கார் தயங்கித் தயங்கி வந்தது. வெள்ளைக் கோட்டோடு தெருமுனையில் நிற்கும் மனைவியைக் கண்டதும் வீட்டுக்காரர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். சின்னவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஓட்டப் பழக வந்து ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த, நர்ஸ் உடுப்பு போட்ட பெண் மிரண்டு போனாள். "சார், நான் எறங்கிக்கவா?"

"நீ ஓட்டும்மா!" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க ஓட்டுங்க" என்றாள் சின்னவள். "நாங்க பேசிக்கிட்டே வர்றோம்."

கார் ஒரு குலுக்கலோடு கிளம்பியது.

"ஏங்க, கிளினிக்குக்குப் போன் பண்ணீங்களா?"

"அதை வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல டிவி இருக்கு. இங்கயே பேசலாம்."

"கிளட்சை விடாதம்மா... ஆமா, பண்ணேன். ஞாயித்துக்கிழமை நீதானே சொன்ன."

"நீங்க இத்தனை வாரமா எதுக்குச் சண்டை போட்டீங்க? பேச்சுதான் உசத்தி, அதுதான் அறிவோட செய்யற வைத்தியம்னு அண்ணிகிட்ட அடிச்சுக்கிட்டீங்க. தோத்ததும் ஒரு முறைப்புகூட இல்லாம நீங்களே போன் எடுத்து முடிச்சு வச்சீங்களே, ஏன்?"

நர்ஸ் பெண் மூச்சுவிடவும் பயந்து ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

"உங்களை வரச் சொன்னாங்கன்னு சொன்னதும் வேர்த்துடுச்சா? என் மண்டைக்குள்ள நோண்டற வரைக்கும் அது நல்ல வைத்தியம். உங்க பக்கம் திரும்பினதும் பிரேக்கா?"

வீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"ஆமாண்டி, பயந்துதான் போனேன். எதுக்கு என்னைக் கூப்பிடணும்? அங்க போய் என்னைப் பத்தி என்னென்ன சொல்லி வச்சிருக்கியோ! நான் கத்துனது, உன் சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருந்தது, நீ அழறப்ப நான் எழுந்து போனது... எல்லாத்தையும் கொட்டியிருப்ப. நான் போய்க் குத்தவாளி மாதிரி கைகட்டி உட்காரணுமா? அப்படி என்னதான் சொன்ன என்னைப் பத்தி?"

சின்னவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணும் சொல்லல."

"பொய் சொல்லாத."

"நெஜமா ஒண்ணும் சொல்லல. அதுக்குத்தான் அவங்க கூப்பிட்டாங்க. 'இத்தனை தடவை வந்திருக்கீங்க. கடையைப் பத்திச் சொல்றீங்க, அண்ணனைப் பத்தி, அண்ணியைப் பத்தி, கடைக்கு வர்றவங்களைப் பத்திக்கூடச் சொல்றீங்க. ஒரே வீட்ல, ஒரே கட்டில்ல இருக்கற மனுஷன் ஒரு தடவைகூட உங்க பேச்சுல வரலயே'ன்னு கேட்டாங்க. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது."

கார் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை.

"ஒரு தடவைகூடவா?" என்றார் வீட்டுக்காரர். திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்த மனிதரின் குரல் அது இல்லை.

"ஒரு தடவைகூட. கத்துனதைச் சொல்லியிருந்தாலும் நீங்க இருந்திருப்பீங்க. நீங்க இல்லவே இல்லங்க."

நர்ஸ் பெண் தானாகவே வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். ஒருவரும் அவளைப் பாராட்டவில்லை.

கைபேசி அடித்தது. கிளினிக் எண்.

"மேடம், அந்த நேரத்தைக் கேட்டவங்க நாளைக்கு வர முடியாதாம். உங்களுக்கே வச்சுடலாமா?"

"வைங்க. நான் வர்றேன்" என்றாள் சின்னவள். "மூச்சு வகுப்புக்கு இப்போதைக்கு வரலன்னு அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன்... இல்லம்மா, அது உங்களுக்கு இல்ல. நாளைக்கு வர்றேன், அவ்வளவுதான்."

"தனியா வர்றீங்களா மேடம், சாரும் வர்றாரா? ஆலோசகர் மேடம் கேக்கச் சொன்னாங்க. ரெண்டு பேர்னா கொஞ்சம் கூடுதலா நேரம் ஒதுக்கணும்."

சின்னவள் முன்சீட்டைப் பார்த்தாள். வீட்டுக்காரரின் பிடரி மட்டும் தெரிந்தது.

"அவருக்கும் சேத்து நான் முடிவு சொல்ல மாட்டேம்மா. பக்கத்துலதான் இருக்கார், நீங்களே கேளுங்க."

கையை நீட்டிக் கைபேசியை அவர் தோளுக்கு மேல் கொடுத்தாள். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். 'ஹலோ... சார்? லைன்ல இருக்கீங்களா சார்?' என்று அந்தப் பெண் கேட்பது பின்சீட்டு வரை கேட்டது. காலையில் அதே எண்ணைக் கூப்பிட்டு, மனைவிக்கு இனிமேல் தேவைப்படாது என்று சரளமாகச் சொன்ன மனிதர், இப்போது வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.